நோயாளிக்குச் சொல்வதா, வேண்டாமா?

2019 ஜனவரி 28ஆம் திகதி சிங்கப்பூர் சுகாதார அமைச்சு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. எச்.ஐ.வி. தொற்றுள்ள 14,200 பேரின் பெயர், அடையாள எண், தொலைபேசி எண், முகவரி, பரிசோதனை முடிவு எல்லாம் இணையத்தில் கசிந்துவிட்டன. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டவர்கள். பதிவேட்டைக் கையாளும் அதிகாரம் பெற்றிருந்த மருத்துவர் ஒருவரின் துணைவரான அமெரிக்கர்தான் அதை வெளியிட்டிருந்தார். செய்தியைவிட மக்களைச் சுட்டது இன்னொன்று: அந்தத் தகவல்கள் அவர் கையில் இருந்தது அமைச்சுக்கு 2016ஆம் ஆண்டிலேயே தெரியும். அப்போது பொலிஸில் முறையிட்டு, கிடைத்ததைக் கைப்பற்றியதோடு விடயம் முடிந்தது. 2018இல் 31 பேரின் பதிவுகள் இன்னும் அவரிடம் இருப்பது தெரியவந்தபோது அந்த 31 பேருக்கு மட்டும் சொல்லப்பட்டது. மற்றவர்கள் 2019 வரை எதுவும் அறியாமல் இருந்தார்கள்.

ஏன் மறைத்தீர்கள் என்ற கேள்விக்கு அமைச்சு தந்த விளக்கம் எளிமையானது. பகிரங்கப்படுத்தினால் நோயாளிகள்தான் கலங்கிப்போவார்கள். அவர்களின் நலனை நினைத்தே அந்த முடிவு எடுக்கப்பட்டது. இந்த வாதத்தில் ஈரம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. கசிந்தது என்று ஊருக்கு அறிவித்தால், அதுவரை தேடாதவனும் தேடத் தொடங்குவான். பயந்துபோன நோயாளி கிளினிக் பக்கமே வராமல் நின்றுவிடக்கூடும். எச்.ஐ.வி.க்கு மருந்தை இடையில் நிறுத்துவது சாதாரண விடயமல்ல.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். நோயாளியின் நிம்மதியையும் நிறுவனத்தின் மானத்தையும் ஒரே மௌனம் காப்பாற்றும்போது, அந்த மௌனம் யாருக்காக என்று நிறுவனமே தீர்ப்புச் சொல்ல முடியாது. பின்லாந்தின் வஸ்தாமோ உளநல சிகிச்சை நிறுவனத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். அதன் கணினிகளுக்குள் புகுந்தவன் 2020 ஒக்டோபரில் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, 200 யூரோ தராவிட்டால் அவர்கள் சிகிச்சையாளரிடம் மனந்திறந்து சொன்னதை வெளியிடுவதாக மிரட்டினான். ஏறக்குறைய 33,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2019இல் நடந்த ஊடுருவலை மறைத்தார் என்று கூறி, நிறுவனம் தன் தலைமை நிர்வாகியைப் பதவி நீக்கியது. நோயாளிகளில் பலர் தங்கள் இரகசியம் களவுபோனதைக் கள்வனின் வாயால்தான் தெரிந்துகொண்டார்கள். சொல்லாமல் விட்டதால் அவர்களுக்குக் கலக்கம் குறையவில்லை. ஆயத்தமாவதற்கு இருந்த காலம்தான் பறிபோனது.

2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்புறுதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராமில் கிடைத்தபோதும், ரொய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் தேடிப் பேசிய பொலிசிதாரர்கள் தங்களுக்கு எந்த அறிவித்தலும் வரவில்லை என்றே சொன்னார்கள்.

சொல்லவும் முடியும் என்பதற்கு அதே சிங்கப்பூரே உதாரணம். 2018இல் சிங்ஹெல்த் வைத்தியசாலைக் குழுமத்தில் 15 இலட்சம் பேரின் விபரங்கள் திருடப்பட்டன. அப்போதைய பிரதமர் லீ சியென் லூங்கின் மருந்து விபரமும் அதில் அடக்கம். ஜூலை 4இல் கண்டுபிடிக்கப்பட்ட களவு ஜூலை 20இல் பகிரங்கமானது. நோயாளிகளின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போனது.

கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டியவிலோ, பக்கத்துக் கரவனெல்ல ஆதார வைத்தியசாலையிலோ சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்தெடுக்க வரும் தோட்டத் தொழிலாளிக்கு இதெல்லாம் வேறு உலகத்துக் கதையாகத் தோன்றலாம். கிளினிக் கொப்பியை அவரேதான் ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு வருகிறார். ஆனால் இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகள் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அரசாங்கக் கணினி என்றால் பத்திரம் என்று இருந்துவிடவும் முடியாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி தாக்கப்பட்டபோது, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கவே முடியாதபடி அழிந்தன.

கசிந்த ஒரு பதிவில் அடையாள அட்டை இலக்கம் மட்டும் இருந்தாலே போதும். 1985632 என்று தொடங்கும் 12 இலக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்ற கணக்கில். பெண்ணானால் அதோடு 500 கூட்டப்படும். 632இலிருந்து 500 போனால் 132. ஆக, மே 11ஆம் திகதி பிறந்த ஒரு பெண். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த நாளை மாற்ற முடியுமா? நுண்கடன் முகவர்கள் லயத்து வாசல்வரை வந்துபோகும் இடத்தில், அடையாள அட்டையின் போட்டோ கொப்பிக்கு என்ன பெறுமதி என்று தோட்டத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்தவர்களையும் கொண்ட சமூகம் இது.

சொல்ல வேண்டும் என்றால், எப்படிச் சொல்வது? அறச்சிக்கலின் கடினமான பாதி இதுதான். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, நாலு கை மாறித்தான் உரியவரிடம் சேரும். உங்கள் இன்ன நோய் விபரம் கசிந்துவிட்டது என்று எழுதினால், அந்தக் கடிதமே இரண்டாவது கசிவாகிவிடும். குறுஞ்செய்தியும் அப்படித்தான், வீட்டுக்கு ஒரே போன் என்றால் அதை முதலில் வாசிப்பது மகனாக இருக்கலாம். ஆகவே நோயின் பெயரில்லாமல், தமிழில், அடுத்த கிளினிக் நாளில் வந்து பேசும்படி மட்டும் செய்தி போக வேண்டும். மற்றதைத் தோட்ட வைத்திய உதவியாளரோ குடும்பநல மாதுவோ தனியாக வைத்துச் சொல்லலாம்: எது போனது, எப்போது போனது, இனி யாராவது வைத்தியசாலையின் பெயரைச் சொல்லி ஓ.டி.பி. கேட்டால் கொடுக்கக்கூடாது, தன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று போன் கம்பனியிடமும், என்ன கடன் இருக்கிறது என்று கடன் தகவல் பணியகத்திடமும் கேட்டுப் பார்க்கலாம், எடுக்காத கடன் தென்பட்டால் உடனே பொலிஸில் முறையிட வேண்டும்.

பட்டியல் சரிதான். ஆனால் இதில் பெரும்பாலானவை நோயாளியின் தலையில் விழும் வேலைகள். பொலிஸுக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். கடன் தகவல் பணியகத்தின் கொழும்புக் காரியாலயத்துக்கு அலைந்தால் பஸ் காசும் சேரும். தவறு செய்தது ஒரு தரப்பு, அதற்கு நாட்கூலியை இழப்பது இன்னொரு தரப்பு என்றால், சொல்லிவிட்டதாலேயே நிறுவனத்தின் கடமை தீர்ந்தது என்று கொள்ள முடியாது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், கசிவைத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கும் கடமையை வகுக்கிறது. மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் இடமளிக்கிறது. 2025 மார்ச் 18இல் தொடங்கவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிப்போயின. தண்டப்பணம் பாதிக்கப்பட்டவரின் கைக்கு வருவதுமல்ல. கசிவுக்குக் காரணமான நிறுவனமே கடன் அறிக்கையைத் தன் செலவில் எடுத்துக் கொடுப்பதும், முறைப்பாட்டை எழுதித் தருவதும், இழந்த பேருக்குக் காசு கட்டுவதும் சலுகையாக இல்லாமல் கடமையாக எழுதப்பட வேண்டும். வைத்தியசாலைக் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்படுவதற்கு முன்பே அதை எழுதிவிடுவது சுலபம். கசிவுக்குப் பிறகு எழுதினால், ஏற்கெனவே நட்டப்பட்டவர்களுக்கு அது பொருந்துமா என்ற வழக்கு வேறு தொடங்கும்.