எந்த வருடத்து மலை?

அவலாஞ்சிப் பக்கம் சீகை மரங்களை வெட்டிச் சாய்த்துப் போட்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மரம் வெட்டுவது பாவம் என்று படித்தே வளர்ந்தவன். கூட்டிப்போன நண்பன் புல்வெளி மீட்பு வேலைகளில் இருப்பவன். சிரித்தான். "டேய், இது காடே இல்ல. யாரோ நட்ட தோட்டம்."

சரிதான். நீலகிரியின் மேல்மலை ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலை. சோலை ஏன் மேலேறிப் புல்லை மூடவில்லை என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது உறைபனி. ஜனவரி இரவில் திறந்தவெளியில் நிற்கும் சோலைக் கன்று கருகிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது என்கிறார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் அவர்கள் கோயிலுக்குக் கூரை வேய்ந்ததும் இந்தப் புல்லை நம்பித்தான். வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற நிலம். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் வந்தன, விறகுக்கு. பிறகு தோல் பதனிட சீகைப் பட்டை தேவைப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் நாமே இன்னும் வேகமாக நட்டோம், அதனால் அவனை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது.

புல் போனால் குறிஞ்சி போகும், வரையாடு போகும். வரையாட்டுக்கு மரம் வேண்டாம், மேயப் புல்லும் ஒதுங்கப் பாறையும் வேண்டும். மலை முழுக்கப் பச்சையாகிக்கொண்டே ஏழையாகவும் முடியும்.

அப்படியானால் வெட்டவேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். வெட்டாத ஒரு பகுதிக்குள் கூட்டிப்போய்க் குனிந்து பார்க்கச் சொன்னான். சீகை நிழலில் சோலைக் கன்றுகள். மேலே குடை இருப்பதால் பனி இறங்குவதில்லை. பறவைகள் விதை கொண்டுவந்து போடுகின்றன. வந்தேறி மரம் மண்ணின் மரத்துக்குத் தாதியாகிவிட்டது. ஆனால் அது சோலை இருந்த இடமுமல்ல. சீகையை எடுத்தால் கன்றுகள் சாகும், விட்டால் புல் திரும்பாது.

எந்த வருடத்து மலையை மீட்கிறோம்? சல்லிவன் ஏறிவந்த 1819? ஏன் அது? அதற்கு முன்பும் குளிரும் மழையும் மாறமாற புல்லும் சோலையும் மாறியே வந்திருக்கின்றன. 'இயற்கை பார்த்துக்கொள்ளும், விட்டுவிடு' என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நட்டது நாம், இப்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது வசதியான பணிவு. வருடத்தைத் தேடாமல், இன்று உயிரோடிருக்கும் வரையாட்டிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. புல் மிச்சமிருக்கும் இடத்தில் சீகையைப் பிடுங்கலாம், சோலை முளைத்த இடத்தை விட்டுவிடலாம். இதுவும் அரைகுறை நியாயம்தான். எருமைக்காரரைக் கேட்டால் வேறு சொல்வார்.

சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். வெட்டிய இடமெல்லாம் திரும்ப முளைத்திருந்தது. ஆட்கள் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், நானும் ஒரு மணி நேரம் பிடுங்கினேன். ஒன்றை அவனிடம் காட்டினேன்.

"ஐயோ, அது நம்மாளுடா!"

திரும்ப ஊன்றி, மண்ணை அழுத்திவிட்டோம். உறைபனிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.