இரண்டு வீட்டுப் பெண்

பிறந்த வீடா, புகுந்த வீடா என்ற கேள்வியைக் காலங்காலமாகப் பெண்ணிடம் மட்டுமே கேட்டு வருகிறோம். அவள் என்ன பதில் சொன்னாலும் ஒரு பக்கத்துக்கு மனக்குறைதான். இந்தக் கேள்வியே சரிதானா என்று யோசிக்கும்போதெல்லாம் ரஷ்யப் பேரரசி மரியா ஃபியோதரவ்னாவின் நினைவு எனக்கு வரும்.

அவர் 1847இல் கோபன்ஹேகனில் பிறந்தார். டாக்மார் என்று பெயர். அரச குலம்தான், ஆனால் பெரிய வசதி கிடையாது. அவரும் அக்கா அலெக்சாண்ட்ராவும் தங்கள் உடைகளைத் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு வளர்ந்தார்கள். 1863இல் தந்தை டென்மார்க்கின் மன்னரானார். அதே ஆண்டில் அக்கா இங்கிலாந்துக்கு மருமகளாகப் போனார். அண்ணன் ஜார்ஜ் கிரீஸின் மன்னரானார்.

டாக்மாருக்கு ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கலாஸை நிச்சயம் செய்தார்கள். 1865இல் அவர் நோயில் இறந்துபோனார். மறு ஆண்டு அவருடைய தம்பி அலெக்சாந்தருக்கு டாக்மார் மாலையிட்டபோது வயது 18. மதம் மாறியது, பெயர் மாறியது, பேசும் மொழியும் மாறியது. இறந்தவருக்காக அழுத அதே குடும்பத்தில் வாழவும் வேண்டியிருந்தது. ஆனாலும் ரஷ்யர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டார்கள்.

அது எப்படிச் சாத்தியமானது? அவருடைய கலகலப்பான சுபாவம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவருக்குக் கிடைத்த அவகாசம். மாமனார் 1881இல் வெடிகுண்டுக்குப் பலியாகி, கணவர் அரியணை ஏறும்வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர் மருமகளாக மட்டுமே இருந்தார். மொழியைத் திக்கித் திணறிக் கற்கவும், மனிதர்களைப் புரிந்துகொள்ளவும், தப்புச் செய்து திருத்திக்கொள்ளவும் அந்த வீடு அவருக்கு நேரம் கொடுத்தது.

அவருடைய மருமகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜெர்மனியில் பிறந்த அலிக்ஸ், 1894இல் மாமனார் இறந்த ஒரு மாதத்துக்குள் திருமணமாகி, அன்றைக்கே பேரரசியானார். அவருக்கும் பெயர் மாறியது, மதம் மாறியது. மாமியாரின் மனம் மட்டும் மாறவில்லை. 1864இல் டென்மார்க்கிடமிருந்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டீன் பகுதிகளை ஜெர்மானிய நாடான பிரஷ்யா பறித்த வடு அவருக்குள் ஆறாமலே இருந்தது. அன்றைய ரஷ்ய அரண்மனை வழக்கப்படி ஆளும் மன்னரின் மனைவியைவிடத் தாய்க்கே முதல் மரியாதை. மகனின் கையைப் பிடித்துத் தாய் முன்னே நடக்க, மனைவி பின்னால் வரவேண்டியிருந்தது. தானும் வெளியூரிலிருந்து வாழவந்தவர்தான் என்பதை மரியா அங்கே மறந்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. முதல் உலகப்போர் வந்ததும் மக்கள் அலிக்ஸை 'ஜெர்மன்காரி' என்றே ஏசினார்கள்.

1917இல் புரட்சி வெடித்தது. கிரிமியாவில் மரியா தங்கியிருந்த வீட்டுக்குள் ஒருநாள் விடியும் முன்பே சோதனைக்காரர்கள் புகுந்தார்கள். அவர் படுக்கையில் இருக்கும்போதே அறையைக் கிளறிக் கடிதங்களை அள்ளினார்கள். கூடவே, தாய்நாட்டிலிருந்து கொண்டுவந்த டேனிஷ் பைபிளையும் எடுத்துப்போனார்கள். ரஷ்யத் திருச்சபைக்கு மாறி அரை நூற்றாண்டு ஆன பின்பும் அந்தப் புத்தகம் அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது. நாட்குறிப்பையும் டேனிஷ் மொழியிலேயே எழுதிவந்தார். அதனால் ரஷ்யா மீதான அவருடைய பாசம் எள்ளளவும் குறைந்துவிடவில்லை. 1919இல் அழைத்துப்போகப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்தபோது, புறப்பட விரும்பும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டால்தான் வருவேன் என்று நின்றவர் அவர்.

கடைசிக் காலத்தைப் பிறந்த மண்ணில் கழித்து, 1928இல் இறந்தார். அங்கேயே அடக்கமும் செய்தார்கள். கணவர் பக்கத்தில் உறங்கவேண்டும் என்ற அவருடைய ஆசை 2006இல்தான் நிறைவேறியது. உடலைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டுபோனார்கள்.

அப்படியானால் அவர் எந்த வீட்டுப் பெண்? இரண்டுக்கும் உரியவர் என்பதே என் பதில். ஒரு பாசம் இன்னொன்றின் பங்கைத் தின்றுவிடுவதில்லை. வந்தவள் ஒட்டவில்லையே என்று குறைப்படுவது சுலபம். ஒட்டுவதில் பாதி வேலை வீட்டாருடையது. மாமியாருக்குக் கிடைத்த அவகாசத்தில் கொஞ்சம் மருமகளுக்கும் கிடைத்திருந்தால், அலிக்ஸ் அத்தனை தனிமைப்பட்டிருக்க மாட்டார். எனவே எந்த வீடு உன்னுடையது என்று அவளைக் கேட்பதை நிறுத்துவோம். அவள் பழகிக்கொள்ள நாம் எத்தனை காலம் கொடுத்தோம், பிறந்த வீட்டை நினைத்துக்கொள்ள எவ்வளவு இடம் விட்டோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.