எண்ணுக்குப் பெயர் வேண்டுமா?

சப்தத்துக்கும் அர்த்தத்துக்கும் உள்ள சம்பந்தம் எவராலும் ஆக்கப்படாத நித்திய சம்பந்தம் என்று, வேத வாக்கியங்களை ஆராய்ந்த தத்துவ மரபினரான மீமாம்சகர் சாதித்தார்கள். அப்படியன்று, ஒரு சொல்லால் ஒரு பொருள் உணரப்பட வேண்டும் என்ற இச்சையினின்று பிறந்த சங்கேதமே அது என்று தர்க்க மரபினரான நையாயிகர் மறுத்தார்கள். இவ்விவாதத்தை ஏட்டளவில் நிறுத்திவிடாமல் அனுஷ்டானத்தில் வைத்துச் சோதிக்க நமக்கொரு களம் வாய்த்திருக்கிறது: நியூஸிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் தோற்றுவித்த 'ஆர்' என்னும் புள்ளியியல் நிரல்மொழி.

அம்மொழியில் ஒரு செயற்கூறை இயற்றுகின்றவர், அது ஏற்க வேண்டிய உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டுகிறார். அதனை அழைப்பவர் அப்பெயரைச் சொல்லியும் மதிப்பைத் தரலாம், சொல்லாமலும் தரலாம். முழுப் பெயரோடு வந்தவற்றை முதலிலும், பெயரின் தொடக்கத்தைக் கொண்டே ஐயமற இனங்காணத் தக்கவற்றை அடுத்தும் பொருத்தியபின், பெயரின்றி எஞ்சியவற்றை அவை நிற்கும் வரிசைப்படி ஆர் பொருத்திக்கொள்கிறது.

காமா பரவலினின்று சமவாய்ப்பு எண்களை எடுத்துத் தரும் 'ஆர்காமா' என்ற செயற்கூறுக்கு 100, 2, 5 என்று மூன்று எண்களை மட்டும் கொடுத்தால், முதலாவது எண்ணிக்கையாகவும், இரண்டாவது வடிவமாகவும், மூன்றாவது 'ரேட்' என்னும் வீதமாகவும் கொள்ளப்படும். எழுதியவர் மனத்தில் இருந்தது வீதத்தின் தலைகீழான 'ஸ்கேல்' என்னும் அளவாயின், அவர் கருதிய பரவலின் சராசரி 10. அவருக்குக் கிடைத்த பரவலின் சராசரியோ 0.4. இயந்திரம் எச்சரிப்பதில்லை, அதன் விதிப்படி பிழையொன்றும் நிகழவில்லை. 'ஸ்கேல் = 5' என்று எழுதியிருந்தால் அந்த விபரீதம் நேர்ந்திராது.

5 என்னும் எண்ணின் சுபாவத்தில் வீதம் என்றோ அளவு என்றோ எந்த முத்திரையும் இல்லை. அந்த அளவில் நையாயிகர் கூற்றே இங்கு வெல்கிறது. ஆயினும், சூட்டப்பட்ட பெயர் அழைப்பவருக்கு முன்னரே இருப்பது, அவர் விருப்பப்படி மாறாதது என்பதில் மீமாம்சகர் கண்ட உண்மையின் சாயலும் இருக்கிறது. பெயர் இயற்கையாய் ஒட்டியிராத காரணத்தினாலேயே, அதனைச் சொல்லும் கடமை மனிதன்மேல் விழுகிறது.

ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் பெயர் எழுதினால் நிரல் வீணாக நீளாதோ என்று கேட்பவர் உண்டு. வர்க்கமூலம் காணக் கொடுக்கும் ஒற்றை எண்ணுக்குப் பெயர் வேண்டுவதில்லை. ஐயத்துக்கு அங்கே இடமில்லை. ஐயத்துக்கு இடமுள்ளவிடத்தில் பெயரை விடுவதோ சுருக்கமாகாது. தான் நினைத்ததையும் எழுதியதையும் ஒன்றாக நிறுத்தி, பின்னாளில் அந்நிரலைப் படிப்பவர் அவ்வொற்றுமையைச் சரிபார்க்கும்படி செய்வது சத்தியத்தின் ஓர் அங்கம். பொய் சொல்லாதிருந்தால் மட்டும் சத்திய விரதம் நிறைவுறாது. கேட்பவர் ஊகிக்க வேண்டாதபடி மெய்யை முழுதாகச் சொல்வதும் அதன் பாற்பட்டதே.