சப்பாணி கொட்டும் சாமி

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாளத்தை விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டால், பேச்சு கற்பித்தல் முறையோடு நிற்பதில்லை. சங்கீதம் தெய்வத்துக்குரியது, அதை ஆட்டக்களத்துக்கு இழுப்பதா என்று சமயத்துக்குள் நுழைந்துவிடுகிறது. இழுக்கலாம் என்பதற்கு நம் பக்தி இலக்கியமே சாட்சி. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றான சப்பாணியில் தெய்வமே குழந்தையாகிக் கைகொட்டுகிறது. ஆண்பாலில் சிறுபறை முழக்குகிறது, பெண்பாலில் அம்மானை ஆடுகிறது. இஸ்லாமியப் புலவர்களும் கிறித்தவப் புலவர்களும் இந்த வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். சாமிக்கு இழுக்கில்லாத ஆட்டம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் எப்படி இழுக்காகும்?

திண்டுக்கல் சீமையில் இதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் பழனி இருக்கிறது. அந்த முருகனைப் பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழை அச்சிடும்போது பாட்டின் தலையிலேயே 'தனன தான' என்று ஓசைக் கணக்கான சந்தக்குழிப்பைப் போடுவது வழக்கம். பொருள் வருவதற்கு முன்பே கணக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கைத்தான் விளையாட்டு பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து 'தக தகிட' என்று ஐந்து எண்ணி, 'ட'வில் கூழாங்கல்லைப் பக்கத்துக் கைக்குத் தள்ளட்டும். சினிமாப் பாட்டில் நாலு நாலாகத் தட்டிப் பழகிய பிள்ளை ஓர் அட்சரம் முந்திக்கொள்ளும். பக்கத்துக் கை இன்னும் விரிந்திருக்காது. கண்ட நடை என்றால் என்னவென்று அந்த இடத்தில் வாத்தியார் விளக்கவே வேண்டாம். (தவறியவரை 'அவுட்' என்று வெளியேற்றும் வழக்கம் மட்டும் கூடாது. பயிற்சி அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான்.)

விளையாட்டு கட்டுப்பாட்டைக் கெடுக்கும் என்பார்கள். எனக்கு அது வலுவான வாதமாகப் படவில்லை. தனி இடம், தனி நேரம், மீறக்கூடாத விதி என விளையாட்டும் வழிபாடும் ஒரே அச்சில் வார்த்தவை என்று டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹாய்சிங்கா 1938இலேயே எழுதினார். தெய்வத்தின் பெயரைக் கழற்றிவிட்டுச் சந்தத்தை மட்டும் கொடுப்பது பாட்டை வெறும் கூடாக்காதா என்ற மறுப்புதான் கனமானது. ஆனால் ஒலியின் மேல் புனிதத்தை ஏற்றுவதும் தீட்டை ஏற்றுவதும் மனிதர்கள்தான். சாவு வீட்டோடு ஒட்டவைத்து, அடிப்பவரையே ஒதுக்கிவைத்த கருவி பறை. திண்டுக்கல் சக்தி கலைக்குழு அதைப் பெண்கள் கையில் கொடுத்து மேடையேற்றியது. அபிராமியம்மன் கோயிலுக்கும் பேகம்பூர் பள்ளிவாசலுக்கும் சூசையப்பர் ஆலயத்துக்கும் போகிற பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர் இது. அங்கே எல்லோருக்கும் பொதுவாக வைக்கக்கூடியது 'தகிட'தான். பக்தியை அதனால் கொடுக்க முடியாது, உண்மைதான். பாடத்திட்டத்தாலும் முடியாது. முருகனுக்காகத் திருப்புகழ் பாட விரும்பும் பிள்ளை அதை வீட்டிலோ சன்னதியிலோ கற்றுக்கொள்ளட்டும், ஐந்தை எண்ணத் தெரிந்த கையோடு.