நடுவில் இருக்கும் பாறை



இன்றைய முதல் வாசகத்தில் எலியா ஓரேபு மலைக் குகையில் இருக்கிறார். பெருங்காற்று வருகிறது, நிலம் நடுங்குகிறது, தீ எழுகிறது. எல்லாம் ஓய்ந்த பிறகே மெல்லிய ஒலி அவர் காதில் விழுகிறது. இந்தப் பகுதியைக் கேட்டதும் நம் மனம் நேரே அந்த மெல்லிய ஒலிக்குப் போய்விடும். இன்று நிலநடுக்கத்தின் பக்கத்தில் சற்று நிற்போம். அது எப்படி ஓய்ந்தது?

நம்மூர் ரயிலடியை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், வண்டி கடக்கும்போது அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். நாலு தெரு தள்ளி வந்தால் ஒரு உறுமல் மட்டும் கேட்கும். நிலநடுக்க அலையும் அப்படித்தான். பரவப் பரவ அதன் ஆற்றல் பெரும் பரப்பில் பிரிந்துபோகிறது. வழியில் உள்ள பிளவுகளில் மோதிச் சிதறுகிறது. ஒரு பங்கைப் பாறையே வாங்கிக்கொண்டு தனக்குள் வெப்பமாக்கிவிடுகிறது. வேகமாகத் துடிக்கும் அலைகள் சீக்கிரம் அடங்கும். மெதுவாக அசையும் நெடிய அலைகள் வெகுதூரம் போகும்.

எல்லாப் பாறையும் ஒரே அளவில் வாங்கிக்கொள்வதில்லை. 1991இல் உத்தரகாசியிலும் 1999இல் சமோலியிலும் பூமி அதிர்ந்து உயிர்களைப் பறித்தது. அந்தக் கார்வால் மலைகளில் அலைகள் எப்படித் தேய்கின்றன என்று ரூர்க்கியிலும் டேராடூனிலும் உள்ள அறிவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். இமயமலை இன்னும் நெருக்குண்டுகொண்டே இருக்கும் இளைய மலை. உள்ளே மடிப்பு, முறிவு, விரிசல், விரிசலுக்குள் நீர். அப்படி நொறுங்கிய பாறை அதிர்வைச் சீக்கிரம் தணித்துவிடுகிறது. தென்னிந்தியாவின் பழம்பாறையோ கெட்டியானது, அதிர்வைத் தொலைவுக்குக் கடத்திவிடும். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் வந்தது நடுத்தர நடுக்கம்தான், அதைச் சென்னை வரை உணர்ந்தார்கள்.

இதைப் படித்த நாள்முதல் நம் பங்கின் சில பெண்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கணவரைப் பறிகொடுத்த ஒருவர், துக்கம் நடந்த இன்னொரு வீட்டுக்குக் கஞ்சித் தூக்கோடு போகிறார். அழாதே என்று அவர் சொல்வதில்லை. பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளையை இழுத்து உட்காரவைத்துத் தலைவாரிப் பின்னிவிடுகிறார். ஏற்கெனவே உடைந்தவர் என்பதால்தான் அவரால் அந்த வீட்டின் நடுக்கத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ள முடிகிறது. அடிபடாத நாம் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தச் செய்தியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

2004 டிசம்பர் 26, திருக்குடும்ப விழா ஞாயிறு. காலை ஆறரை மணி வாக்கில் சுமத்ராவுக்கு அருகே கடலடி பிளந்தது. இங்கிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். நிலத்தின் வழியே வந்த அதிர்வை நம் பக்கம் பலர் உணரவேயில்லை, இடையிலிருந்த பூமி அதைத் தாங்கித் தேய்த்துவிட்டது. கடலில் அப்படித் தாங்க எதுவும் இல்லை. ஆழ்கடல் சுனாமி அலையைப் பெரிதாகக் குறைக்காமலே கொண்டுவந்து தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சோனங்குப்பத்திலும் கொட்டியது. நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் செய்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். கல்யாண விருந்துக்குச் சமைத்திருந்த சாப்பாட்டை, எல்லாவற்றையும் இழந்து வந்த மீனவக் குடும்பங்களுக்குப் பரிமாறினார்கள். தண்ணீர் தாங்காததை அந்த ஊர் தாங்கியது.

இன்றைய நற்செய்தியில் பேதுரு மூழ்குகிறார். மத்தேயு சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். இயேசு முதலில் கையை நீட்டிப் பிடிக்கிறார், இருவரும் படகில் ஏறிய பிறகே காற்று அடங்குகிறது. பிடித்த நேரத்தில் அலை இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, பேதுருவுக்கும் அலைக்கும் நடுவில் அவர் நின்றார். கல்வாரியில் பாறைகள் பிளந்தபோதும் நடுவில் இருந்தவர் அவர்தான். இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பீடத்தில் நாம் பெறப்போவதும் பிட்கப்பட்ட அப்பம்.

வாசகம் நிற்கும் இடத்துக்குப் பிறகும் எலியாவின் கதை தொடர்கிறது. தான் ஒருவனே மிஞ்சியிருப்பதாக அவர் முறையிடுகிறார். ஆண்டவர் அவருக்கு ஏர் உழுதுகொண்டிருந்த எலிசாவைத் துணையாகக் கொடுக்கிறார்.

உங்கள் அன்பியத்தில் அண்மையில் துக்கம் நடந்த வீடு எது என்று உங்களுக்கே தெரியும். முப்பதாம் நாள் திருப்பலி வரை அங்கே ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். அதோடு பந்தல் பிரித்தாகிவிடும், உறவினர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். நெடிய அலைகள் அந்த வீட்டுக்கு வரத் தொடங்குவது அப்போதுதான். முப்பத்தோராம் நாள் அங்கே போங்கள்.