மீனின் நோக்கும் மறைப்பின் அருளும்

ஞானாசிரியன் மாணாக்கனுக்குச் செய்யும் தீக்ஷைகளுள் மூன்றை விளக்க வந்த நம் முன்னோர், மூன்று தாய்மாரை உவமை காட்டினர்: பறவை தன் முட்டையைச் சிறகால் அணைத்துப் பொரிப்பது ஸ்பரிச தீக்ஷைக்கும், ஆமை கரையிலிட்ட முட்டையைக் கடலிலிருந்தே நினைந்து பொரிப்பது மானச தீக்ஷைக்கும், மீன் தன் முட்டையை இமையாது நோக்கிப் பொரிப்பது நயன தீக்ஷைக்கும் ஒப்பு என்பர். மதுரை அன்னைக்கு மீனாக்ஷி என்னும் திருநாமம் அமைந்ததற்கும் இதனையே காரணமாகச் சொல்லும் மரபுண்டு. மீன் மெய்யாகவே அப்படிச் செய்கிறதா என்று கேட்பவன் உவமையின் தன்மை அறியாதவன் என்று பண்டிதர் ஒதுக்கிவிடலாம். ஆனால் ஈப்போவில் ஒரு வீட்டின் பின்கட்டிலே, கண்ணாடித் தொட்டிக்கு முன் முக்காலி போட்டு, டிஸ்கஸ் மீன் குடும்பம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அக்கேள்வியை ஒதுக்க மனம் வராது.

இம்மீன் அமேசான் நதிக்குரியது. 1840இல் வியன்னா நகரத்து ஹெக்கெல் என்னும் அறிஞர் இதற்குச் சாஸ்திரப் பெயரிட்டார். 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த ரப்பர் விதைகளும் அந்நதியின் தேசத்தவையே. அவற்றின் கன்றுகள் மறு ஆண்டே கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அந்த மரத்தைத் தொடர்ந்து நம்மவர் பேராவுக்கு வந்தனர். மீன் வெகு காலம் கழித்து வந்தது. ஈயம் தோண்டிக் கைவிட்ட கிந்தா சமவெளியின் குட்டைகளில் இன்று அலங்கார மீன் வளர்ப்பு நடக்கிறது. இந்த மண்ணுக்கே உரிய மீன் வேண்டுமென்றால் புக்கிட் மேரா ஏரியின் அரோவானா இருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்காசுக்கு எட்டியது டிஸ்கஸ்தான்.

குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்துக் குளோரின் போகவிட்டு, கெத்தாப்பாங் இலை ஊறவைத்துப் புளிப்பேற்றி, இருபத்தெட்டு முப்பது பாகை வெப்பத்தில் வைத்தால், மனம் ஒத்த ஜோடி தொட்டியில் நிறுத்திய மண்கூம்பை வாயால் துடைத்துச் சுத்தம் செய்து, வரிசை வரிசையாக முட்டையிடும். அப்போது இரண்டும் முட்டைகளை நோக்கியபடி நிற்பது உண்மைதான். ஆனால் நோக்கு மட்டும் பொரித்துவிடுவதில்லை. செட்டையால் இடைவிடாது விசிறி நீரோட்டம் உண்டாக்குகின்றன. கருக்கூடாமல் வெளுத்த முட்டையை வாயால் எடுத்து அகற்றுகின்றன. சில ஜோடிகள், குறிப்பாக முதல் ஈட்டில், ஒரே இரவில் எல்லா முட்டைகளையும் தின்றுவிடுகின்றன. அதனாலேயே வளர்ப்பவர் கூம்பைச் சுற்றிக் கம்பிவலை கட்டுகிறார். வலைக்கு வெளியே நின்று விசிறும் தாய் அன்பினால் விசிறுகிறதா, பசியோடு காத்திருக்கிறதா என்று எந்த வேதாந்தியாலும் சொல்ல முடியாது. ஜோடியின் உணவிலும் ஒரு தர்மசங்கடம் உண்டு. மாட்டின் இதயத்தை அரைத்துக் கொடுப்பது உலகெங்கும் வழக்கம். நெற்றியில் நீறு பூசுகிறவர் அதற்கு மனம் கூசி இறாலுக்கு மாறுகிறார், இறாலும் ஓர் உயிர்தான் என்பதை அப்போதைக்கு மறந்துவிட்டு.

முட்டை பொரிந்து, வால் மட்டும் துடிக்கக் கூம்பில் ஒட்டிக் கிடந்த குஞ்சுகள் இரண்டு மூன்று நாளில் நீந்தத் தொடங்கும்போதுதான் உவமை தலைகீழாகிறது. பெற்றோர் குஞ்சுகளை நோக்குவதைவிடக் குஞ்சுகள் பெற்றோரை நோக்குவதே அங்கே முக்கியம். அவை தேடிப் போவது ஒளியை அல்ல, கறுத்த உடலை. இக்காலத்தில் பெற்றோரின் மேனி கறுக்கிறது. அந்தக் கருமையே குஞ்சுக்கு வழிகாட்டி. அழகுக்காக மனிதன் உண்டாக்கிய, கருமை நீங்கிச் சிவந்து ஒளிரும் பிஜன் பிளட் வகையில், குஞ்சுகள் பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாமல் தொட்டிச் சுவரில் மோதித் திரிந்து பட்டினியால் மடிவதும் உண்டு.

கண்டடைந்த குஞ்சுகளுக்குக் கிடைப்பது பெற்றோரின் தோலில் சுரக்கும் சளிப்படலம். தாய் மட்டுமன்று, தந்தையும் ஊட்டுகிறது. ஒன்று களைத்தால் வெடுக்கென்று உடலைச் சிலிர்த்துக் குஞ்சுக் கூட்டத்தை மற்றதன் மேல் மாற்றிவிடும். திருச்சிராப்பள்ளியில் செட்டிப் பெண்ணுக்குத் தாயாகி வந்த தாயுமானவரை நினையாமல் இதைப் பார்க்க முடியவில்லை. எல்லா மீனுக்கும் இந்தச் சளி தன்னைக் காக்கும் கவசம்; ரப்பர் மரத்தின் பாலும் காயத்தை மூடும் தற்காப்பே என்பதைப் பால்மரம் வெட்டியவர் அறிவர். மரத்திடம் அதைக் கத்தியால் கீறி வாங்கினோம். மீனோ தன் கவசத்தையே பிள்ளைக்குச் சோறாக்குகிறது.

ஆனால் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது ஊட்டல் அன்று, நிறுத்தல். 2010இல் பிளிமத் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் இரண்டு வாரமும் குஞ்சுகளை விட்டு நீங்காத பெற்றோர், மூன்றாம் வாரத்தில் சிறிது சிறிதாக விலகி நீந்தத் தொடங்குகின்றன. குஞ்சு துரத்துகிறது, பெற்றோர் அகல்கின்றன. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலில் மறைத்தலையும் சித்தாந்திகள் அருள் என்றே கொண்டனர். உயிரை மலத்தோடு பொருத்திப் பக்குவப்படுத்துவதால், மறைத்தலைச் செய்யும் திரோதான சக்திக்கு மலம் என்ற பெயர் உபசாரமாகவே வழங்குகிறது என்பது அவர்கள் முடிபு. மீன் விலகுவதும் அவ்வாறுதானா? மீன் தன் மேனி கடிபட்டு நோவதால் விலகக்கூடும், இறைவனுக்கு நோவில்லை. ஆகவே காரணத்தை நோக்கினால் உவமை நில்லாது. ஆனால் காலத்தை நோக்கினால் நிற்கும்: குஞ்சு வேறு இரையைக் கொத்தும் வல்லமை பெறும் பருவத்தில்தான் விலகல் தொடங்குகிறது.

இந்த நுட்பத்தை நம்மவர் தவறவிட்டனர் என்பேன். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும், பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டக் குடியிருப்பான லயத்தைக் காலி செய்த குடும்பங்களுக்கு, ஆண்டவன் முகத்தை மறைத்துச் சோதிக்கிறான் என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது திரோதானம் அன்று. வேறு தொழிலும் சொந்த வீடும் இல்லாதவனிடம் பக்குவம் பாராது நிகழும் மறைப்பு கைவிடுதலே. அதைச் செய்தவர் மனிதர். அதற்கு இறைவனைப் பொறுப்பாளியாக்குவது சைவமாகாது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் பங்குப் பணத்தால் தோட்டங்களை வாங்க முனைந்தார். அவர் அதை விதி என்று விட்டுவிடவில்லை.

பக்குவம் பாராத பிரிப்பு மீன்தொட்டியிலும் நிகழ்கிறது: ஜோடி அடுத்த ஈட்டை விரைவில் இடவேண்டும் என்ற ஆசையில் முதல் வாரத்திலேயே குஞ்சுகளைப் பிரித்தெடுப்போர் உண்டு. வீட்டில் டிஸ்கஸ் வளர்க்கும் அன்பர்கள், குஞ்சுகள் ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிரையைத் தாமே துரத்திக் கொத்தி, வயிறு செம்மஞ்சளாகத் தெரியும்வரை பொறுத்து, அதன் பிறகே பெற்றோரை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.