பேராசையா, பசியா?

போடிமெட்டு ஏறி மூணாறு போயிருப்பீர்கள். ராஜமலைப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் என்று ஒரு மீன் உண்டு. நம்ம ஊர் மீன் இல்லை. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அதைப் பிடிக்க அவர்கள் பொய் ஈ கட்டினார்கள்.

செய்முறை சிம்பிள். சின்னத் தூண்டில் முள்ளில் நூலைச் சுற்றி, வாலுக்கு நாலு இறகு இழை வைக்கணும். உடம்புக்கு, நூலில் முறுக்கிய முயல் ரோமம். கழுத்தில் சேவல் இறகு இரண்டு மூன்று சுற்று. இழைகள் பூச்சியின் கால்கள் மாதிரி விரிந்து நிற்கும். முடிச்சு, ஒரு சொட்டு வார்னிஷ். அவ்வளவுதான்.

இதில் நம் மேகமலைக்கும் உறவு உண்டு. அங்கே திரிகிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு வைத்தது போலப் புள்ளிகள் மின்னும். அந்த இறகுக்காக மேல்நாட்டில் ஈ கட்டுகிறவர்கள் அலைந்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே அந்தச் சேவலைத் தொடக்கூடாது.

மினுக்குகிற ஈக்களும் உண்டுதான். ஆனால், கெட்டிக்காரன் முதலில் கரையில் உட்கார்ந்து, மீன் தினமும் எதைத் தின்கிறது என்று பார்ப்பான். அதே அளவு, அதே நிறத்தில் கட்டுவான். மீனுக்கு அது விருந்து இல்லை, வழக்கமான சாப்பாடு.

இதைப் படித்தபோது கம்பத்துச் சித்தப்பா ஞாபகம் வந்தார். வாழை விற்ற பணத்தை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டிருந்தார். ஒருநாள் அதை மூடிவிட்டு ஓடிவிட்டார்கள். நான் பி.காம். படித்தவன் ஆயிற்றே! "24 பர்சென்ட் வட்டின்னா யோசிக்க வேணாமா சித்தப்பா? பேராசை!" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நாலு வருசம் ஒண்ணாந்தேதி தவறாம குடுத்தான்ப்பா. மக கல்யாணத்துக்கு ஆகும்னு நெனச்சேன்" என்றார்.

அவருக்கு இருந்தது பேராசை இல்லை, பசி. அதை ஒருவன் கரையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்திருக்கிறான். ஒண்ணாம் தேதி வட்டிதான் அவன் கட்டிய ஈ.

பேராசையால் ஏமாறுகிறவர்களே கிடையாதா? உண்டு. ஜாக்கிரதை வேண்டாமா? வேண்டும். ஆனால் ஏமாந்த எல்லோரையும் பேராசைக்காரர்கள் என்று ஏன் சொல்கிறோம்? 'நமக்கு அந்த ஆசை இல்லை, நமக்கு நடக்காது' என்று நிம்மதியாகத் தூங்கலாமே, அதற்குத்தான். முள் செய்தவனைவிட, கடித்த வாயைத் திட்டுவதும் சுலபம்.

அந்தக் கல்யாணம் தள்ளிப்போய் நடந்தது. சித்தப்பா அந்தப் பேச்சை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அடுத்த முறை கம்பம் போகும்போது அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

உங்களுக்கும் அப்படி ஒரு சித்தப்பா இருக்கிறாரா?